புது கேமுக்கு எந்த லிஃப்டர்? முதல் இருபது நிமிடம் எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புஷ்ராட் (வால்வுக்கு அசைவைக் கடத்தும் நீண்ட கம்பி) வைத்த எஞ்சினைப் பிரித்து, கொஞ்சம் காரமான கேம் (வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் சுழல்தண்டு) போட்டு ஓட்டலாம் என்று இறங்குபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேம் தேய்ந்துபோனால் எல்லோரும் முதலில் ஆயிலைத் திட்டுவார்கள், அப்புறம் கேம் செய்தவரைத் திட்டுவார்கள். நான் பிரித்துப் பார்த்த எஞ்சின்களில் பெரும்பாலும் தப்பு சாவியைத் திருப்புவதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. அதனால் இங்கே ஓட்டுவதைவிட மாட்டுவதைப் பற்றித்தான் அதிகம் இருக்கும்.

லிஃப்டரும் டேப்பட்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான். கேமின் லோப் (தண்டில் இருக்கும் முட்டை வடிவ மேடு) மேல் உட்கார்ந்து, அதன் ஏற்ற இறக்கத்தைப் புஷ்ராடுக்குக் கொடுக்கும் துண்டு. எத்தனை வகை என்று குழம்ப வேண்டாம், இரண்டு கேள்வி கேட்டால் போதும். அடிப்பக்கம் லோப் மேல் வழுக்குகிறதா, உருளுகிறதா? வழுக்கினால் ஃப்ளாட் டேப்பட், உருளை இருந்தால் ரோலர். உள்ளே ஆயிலில் மிதக்கும் பிளஞ்சர் இருக்கிறதா, இல்லை வெறும் இரும்பா? பிளஞ்சர் இருந்தால் ஹைட்ராலிக், இல்லாவிட்டால் சாலிட். இரண்டையும் பெருக்கினால் நாலு வகை.

நாலில் எனக்கு எது?

எவ்வளவு குதிரைத்திறன் வேண்டும் என்பதை வைத்துத்தான் எல்லோரும் இதை முடிவு செய்கிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: ராக்கர் கவரை (வால்வை அழுத்தும் ராக்கர்களுக்கு மேல் இருக்கும் மூடி) கழற்ற உங்களுக்கு எவ்வளவு பொறுமை இருக்கிறது?

தினமும் ஓட்டும் வண்டி, 6000 ஆர்பிஎம்முக்கு மேல் பெரிதாகப் போகப் போவதில்லை என்றால் ஹைட்ராலிக் ரோலர். பிளஞ்சருக்குள் இருக்கும் ஆயில், ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும், சத்தம் இல்லை, ரன்னிங்-இன் (புது கேமையும் லிஃப்டரையும் பழக்கும் முதல் ஓட்டம்) தலைவலியும் இல்லை. உருளை வழுக்காது என்பதால் லோபைச் செங்குத்தாக ஏறும்படி வெட்ட முடிகிறது. வால்வு சீக்கிரம் திறந்து, அதிக நேரம் முழுதாகத் திறந்திருந்து, சீக்கிரம் மூடும். அதே ஐடிலிங் தரத்துக்குக் கூடுதல் டார்க் கிடைப்பது இதனால்தான். எடை அதிகம் என்பது மட்டும் குறை. மேல் ஆர்பிஎம்மில் அந்த எடையைக் கட்டுப்படுத்த வலுவான ஸ்பிரிங் வேண்டும்.

ஹைட்ராலிக் ஃப்ளாட் டேப்பட் செலவு குறைவு. பழைய எஞ்சினை அதன் இயல்பிலேயே வைத்திருக்க விரும்புபவர்களுக்கும் இதுதான். ஆனால் நாலில் மிகவும் கவனமாகப் பிறக்க வேண்டிய பிள்ளை இது. கீழே வரும் கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான்.

சாலிட் ஃப்ளாட் டேப்பட் எனக்குப் பிடித்த வகை என்று சொல்லிவிடுகிறேன். எடை குறைவு, 7000 ஆர்பிஎம்மைத் தாண்டியும் ஒழுங்காக நடக்கும், ராக்கர் கவருக்கு அடியில் தையல் மெஷின் போல ஒரு சத்தம் வரும். அவ்வப்போது ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எடுத்து இடைவெளி பார்க்க வேண்டும். அதை வேலையாக நினைப்பவர்கள் வாங்க வேண்டாம்.

சாலிட் ரோலர் பந்தயத்துக்கு. வால்வு மூடியிருக்கும்போதே 90 கிலோவுக்கு மேலும், திறந்திருக்கும்போது 225 கிலோவுக்கு மேலும் ஸ்பிரிங் அழுத்தம் சாதாரணமாக வரும். அந்தச் சுமை முழுவதும் உருளைக்குள் இருக்கும் ஊசி பேரிங்குகள்மேல் விழுகிறது. மணிக்கணக்காக ஐடிலிங்கில் நிற்கும் சாலை வண்டியில் ஆயில் தெறிப்பு குறைவு, பேரிங்குக்கு ஆயுளும் குறைவு. ஆயிலை நேரடியாக உருளைக்கு அழுத்தத்தில் செலுத்தும் வகைகளும், ஊசிகளுக்குப் பதிலாக புஷ் (வழவழப்பான உலோக வளையம்) வைத்த வகைகளும் இருக்கின்றன. அவை நிலைமையை மேம்படுத்தும், ஆனால் சாலிட் ரோலரைக் குடும்ப வண்டியாக்கிவிடாது.

ஃப்ளாட் டேப்பட் என்கிறார்கள், அதன் அடி உண்மையிலேயே தட்டையா?

இல்லை. இது தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

இரண்டு புது லிஃப்டர்களை எடுத்து, அடியோடு அடி சேர்த்து, விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நடுவில் தொடும். ஓரங்களில் மயிரிழை போல வெளிச்சம் தெரியும், கையில் லேசாக ஆடும். பல டிசைன்களில் இந்த அடி 50 அங்குலத்தை ஒட்டிய ஆரமுள்ள ஒரு பெரிய உருண்டையின் துண்டாகத் தீட்டப்பட்டிருக்கும். சிறிய லிஃப்டரில் ஓரத்தைவிட நடுப்பகுதி 0.045 மி.மீ. அளவுக்குத்தான் உயர்ந்திருக்கும். வெளிச்சமே தெரியாமல் கச்சிதமாக ஒட்டினால் அந்த லிஃப்டரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேமின் லோபும் நேராக இருக்காது. ஒரு ஓரம் இன்னொரு ஓரத்தைவிட நூலளவு தாழ்ந்திருக்கும்படி சரிவாகத் தீட்டியிருப்பார்கள். போதாக்குறைக்கு, லிஃப்டர் உட்காரும் துளை லோபின் நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து என்ன செய்கின்றன? லோப் லிஃப்டரின் நடுவில் தொடாமல் ஒரு பக்கமாகத் தொட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதைக் கொஞ்சம் சுழற்றிவிடுகிறது. சுழலும் லிஃப்டரில் தேய்மானம் முகம் முழுக்கப் பரவும். சுழலாத லிஃப்டரில் ஒரே கோட்டில் சுமை விழும், சில நிமிடங்களில் பள்ளம் விழுந்து லோபின் மூக்கும் (உச்சியும்) கரைந்துவிடும்.

ஆக, சுழற்சிதான் உயிர். எஞ்சினைப் பூட்டும்போதே சோதித்துப் பாருங்கள். லிஃப்டர் துளைக்குள் ஆயில் தடவிப் போட்டால் சொந்த எடையில் கீழே வழுக்கி இறங்க வேண்டும். கையால் திருகினால் சிக்கக் கூடாது. கேம், லிஃப்டர், புஷ்ராட், ராக்கர் எல்லாம் மாட்டியபின் ஒவ்வொரு புஷ்ராடிலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, கிராங்க்கைக் கையால் நிதானமாகச் சுற்றுங்கள். வால்வு ஏறி இறங்கும்போது கோடு நகர வேண்டும். நகராத இடத்தில் துளையில் பிசிர் இருக்கலாம், பழைய பிசின் படிந்திருக்கலாம், லிஃப்டரே சரியில்லாமலும் இருக்கலாம். பழைய பிளாக்குகளில் துளையை மெல்லிய ஹோன் (தேய்க்கும் கல்) போட்டுச் சுத்தம் செய்வது நல்லது. ஆனால் ஆர்வக்கோளாறில் பெரிதாக்கிவிட்டால் ஆயில் அழுத்தம் அந்த வழியாக ஒழுகும்.

பழைய லிஃப்டரைப் புது கேமில் போடலாமா?

ஃப்ளாட் டேப்பட் என்றால் கூடவே கூடாது. பழைய லிஃப்டரின் அடி தன் பழைய லோபோடு பழகி, குமிழ் தேய்ந்து, சில நேரம் குழிந்தேகூட இருக்கும். அது புது லோப் மேல் சுழலாது.

அதே கேமை மறுபடி போடுகிறீர்கள் என்றால், எந்த லிஃப்டர் எந்த லோபில் இருந்ததோ அதிலேயே போக வேண்டும். கழற்றும்போதே முட்டை அட்டையில் எண் எழுதி வரிசையாக வைத்துவிடுங்கள். வரிசை கலைந்துவிட்டால் அந்த செட்டை மறந்துவிடுவதே நல்லது. நல்ல நிலையில் இருக்கும் பழைய கேமில் புது லிஃப்டர்களைப் போடலாம், ஆனால் புது கேமுக்கு உரிய அதே ரன்னிங்-இன் முழுதாகச் செய்ய வேண்டும்.

ரோலரில் இந்தக் கட்டுப்பாடு இல்லை. உருளை வழவழப்பாக, ஆட்டமில்லாமல், கரகரப்பில்லாமல் சுற்றினால் புது கேமிலும் போடலாம். நான் என்றால் அதிகம் ஓடிய ரோலரைப் போடமாட்டேன். ஒரு ஊசி பேரிங் உடைந்தால் அந்த ஊசிகள் எஞ்சின் முழுக்கச் சுற்றுலா போகும்.

வேறு எஞ்சினின் லிஃப்டர் பொருந்துமா?

விட்டம் மாறும். செவ்ரலே ஸ்மால் பிளாக் வகை வி8-களில் 0.842 அங்குலம், ஃபோர்டு வி8-களில் 0.874, கிறைஸ்லரில் 0.904. இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. தட்டையான லிஃப்டரில் லோப் எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ, தொடும் புள்ளி நடுவிலிருந்து அவ்வளவு தள்ளிப் போகும். அளவு மீறினால் லோப் லிஃப்டரின் ஓரத்தில் ஏறி அதைச் சீவிவிடும். கிறைஸ்லரின் பெரிய லிஃப்டருக்கென்றே வெட்டிய வேகமான லோபைச் சிறிய லிஃப்டரில் ஓட்ட முடியாததற்கு இதுதான் காரணம். கேம் வாங்கும்போது எந்த விட்டத்துக்கு வெட்டியது என்று கேளுங்கள்.

ஃப்ளாட்டிலிருந்து ரோலருக்கு மாற லிஃப்டரை மட்டும் மாற்றினால் போதாதா?

போதாது. கேமும் மாற வேண்டும். ஃப்ளாட் லோப் மேல் உருளையை ஓட்டவே முடியாது, வடிவமும் உலோகமும் வேறு. ரோலர் லிஃப்டர் உயரமானது என்பதால் புஷ்ராட் குட்டையாக வேண்டும். லிஃப்டர் சுழலவே கூடாது என்பதால் இரண்டிரண்டாகப் பிணைக்கும் பட்டையோ, பிளாக்கில் உட்காரும் வழிகாட்டியோ வேண்டும்.

பலர் மறப்பது இரண்டு. ஒன்று, கேமின் முன்பின் ஆட்டம். ஃப்ளாட் லோபின் சரிவு கேமைப் பின்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும். ரோலர் லோபில் சரிவு கிடையாது, அதனால் கேம் முன்னே நடக்கும். பழைய செவ்ரலே பிளாக் போல, கேமைப் பிடிக்கத் தகடு இல்லாத எஞ்சினில் முன்பக்கம் ஒரு த்ரஸ்ட் பட்டன் வைத்து, டைமிங் கவர் வளையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு, டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் கருவி) கியர். ஸ்டீல் ரோலர் கேமில் சாதாரண வார்ப்பிரும்பு கியர் ஓடினால் அரைபட்டுப் போகும். கேம்காரர் சொல்லும் கியரைத்தான் போட வேண்டும்: வெண்கலமோ, கலவைப் பொருளோ, பதப்படுத்திய ஸ்டீலோ. வெண்கலம் தேயும் பொருள், அவ்வப்போது பார்த்து மாற்ற வேண்டும்.

தொழிற்சாலையிலேயே ரோலர் வந்த பிளாக் என்றால் பாதி வேலை மிச்சம். செவ்ரலே ஸ்மால் பிளாக்கில் 1987-இலிருந்து அப்படி வர ஆரம்பித்தது. எல்எஸ் குடும்பத்தில் (செவ்ரலேயின் பிந்தைய வி8 வரிசை) லிஃப்டரைச் சுழலாமல் பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டுகளை லிஃப்டரோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். தட்டு தளர்ந்தால் லிஃப்டர் திரும்பும், திரும்பிய உருளை கேமை உழும்.

ஸ்பிரிங் வலுவாக இருந்தால் நல்லதுதானே?

ஃப்ளாட் டேப்பட்டுக்கு நல்லதல்ல. ஹைட்ராலிக் ஃப்ளாட்டில் பொதுவாக மூடிய நிலையில் 45 முதல் 57 கிலோ, முழுதாகத் திறந்த நிலையில் 135 முதல் 150 கிலோ வரை இருந்தால் சாலைக்குப் போதும். கேம் கார்டு (கேமோடு வரும் அளவுச் சீட்டு) வேறு சொன்னால் கார்டு சொல்வதே சரி. ஸ்பிரிங் செட்டை வாங்கியபடியே மாட்டாமல், மாட்டும் உயரத்தில் ஒவ்வொன்றையும் அளந்து பாருங்கள். உயரம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலே அழுத்தம் நன்றாக ஏறும். முழு லிஃப்டில் ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்ட இன்னும் 1.5 மி.மீ. இருக்க வேண்டும். முட்டினால் அந்த அடி நேராக லோபின் மூக்கில்தான் விழும்.

இரட்டை ஸ்பிரிங் போட்டிருந்தால் ரன்னிங்-இன்னுக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, முடிந்தபின் திரும்ப மாட்டுங்கள். அலுப்பான வேலைதான். வி8 என்றால் பதினாறு வால்வுக்கும் இரண்டு முறை செய்ய வேண்டும். கேமை மறுபடி கழற்றுவதைவிட அது எவ்வளவோ மேல். விகிதம் குறைந்த ராக்கர்களை மாட்டி ஓட்டுவதும் இதே பலன் தரும்.

ஹைட்ராலிக் லிஃப்டருக்கு எவ்வளவு இறுக்க வேண்டும்?

முதலில் இடைவெளி பூஜ்யமாகும் இடத்தைப் பிடிக்க வேண்டும். புஷ்ராடை விரலால் உருட்டி, சிக்கும் இடம்தான் பூஜ்யம் என்று பலரும் செய்கிறார்கள். ஆயில் நிரம்பாத புது லிஃப்டரின் உள் ஸ்பிரிங் மிகவும் மென்மையானது. விரலில் சிக்குவதற்குள் பிளஞ்சர் நன்றாகவே இறங்கியிருக்கும். உருட்டாதீர்கள், மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்ற அந்த நொடிதான் பூஜ்யம்.

அதற்கு மேல் பிளஞ்சர் 0.5 முதல் 1.5 மி.மீ. வரை இறங்கினால் பெரும்பாலான லிஃப்டர்களுக்குச் சரி. இங்கே ஒரு கணக்குப் பிழை பரவலாக இருக்கிறது. 3/8 அங்குல ஸ்டடில் அங்குலத்துக்கு 24 மரை. ஒரு சுற்றுக்கு நட்டு 1.06 மி.மீ. இறங்கும், எனவே பிளஞ்சரும் 1.06 இறங்கும் என்று நினைக்கிறார்கள். நட்டு தள்ளுவது ராக்கரின் நடுவை. வால்வு பக்கம் நகராது, ஆகவே புஷ்ராட் பக்கம்தான் கூடுதலாக இறங்கும். 1.5 விகித ராக்கரில் அது 1.67 மடங்கு. ஒரு முழுச் சுற்று என்றால் பிளஞ்சரில் சுமார் 1.76 மி.மீ., அரைச் சுற்று என்றால் 0.88. பழைய கையேடுகளில் ஒரு சுற்று என்று இருக்கும், நீண்ட பிளஞ்சர் பயணம் உள்ள அந்தக் காலத்து லிஃப்டருக்கு அது சரி. பெர்ஃபார்மன்ஸ் எஞ்சினுக்கு நான் அரைச் சுற்றில் நிறுத்துவேன்.

எந்த வால்வை எப்போது இறுக்குவது? எக்ஸாஸ்ட் வால்வு திறக்க ஆரம்பிக்கும்போது அதே சிலிண்டரின் இன்டேக்கைச் சரிசெய்யுங்கள். இன்டேக் முழுதாகத் திறந்து மூடப்போகும்போது எக்ஸாஸ்ட்டைச் சரிசெய்யுங்கள். எந்த கேமானாலும் இந்த முறை ஏமாற்றாது.

சாலிட் லிஃப்டர் இடைவெளியைச் சூட்டில் பார்ப்பதா, குளிரிலா?

கார்டில் இருப்பது பெரும்பாலும் சூடான எஞ்சினுக்கான அளவு. புது எஞ்சினைச் சூடாக்கி அளக்க முடியாது, அதனால் குளிரில் தோராயமாக வைக்க ஒரு வழி உண்டு. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு என்றால் கார்டு அளவோடு 0.05 மி.மீ. (லேத்காரர் கணக்கில் இரண்டு தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு) கூட்டுங்கள். ஹெட் மட்டும் அலுமினியம் என்றால் 0.15 கழியுங்கள். இரண்டும் அலுமினியம் என்றால் 0.30 கழியுங்கள். அலுமினியம் சூட்டில் அதிகம் நீளும், இடைவெளி தானாகப் பெருகும். ஓடிச் சூடானபின் மறுபடி பாருங்கள்.

மாட்டும்போது எதைத் தடவுவது?

ஃப்ளாட் டேப்பட் என்றால் லோப் மேலும் லிஃப்டரின் அடியிலும் கேமோடு வரும் கருப்பு மாலிப்டினம் பசை. தாராளமாகவே தடவலாம். லிஃப்டரின் பக்கவாட்டில் பசை வேண்டாம், ரன்னிங்-இன் ஆயில் போதும், ஏனென்றால் பக்கவாட்டில் கெட்டியாக இருந்தால் சுழற்சிக்குத் தடை. ரோலரின் ஊசி பேரிங்குகளிலும் பசை வேண்டாம், ஆயில்தான். கேம் ஜர்னல்களுக்கும் ஆயில் போதும்.

பூட்டிய எஞ்சின் ஒரு மூலையில் மாதக்கணக்கில் காத்திருந்தால் பசை வடிந்திருக்கும். அதற்குப் பிறகு கிராங்க்கைச் சும்மா சும்மா சுற்றிக் காட்ட வேண்டாம். வருகிறவர் ஒவ்வொருவருக்கும் சுற்றிக் காட்டினால் இருந்த பசையும் வழித்துப் போய்விடும்.

ஆயிலில் ஜிங்க் ஜிங்க் என்கிறார்களே, அது என்ன?

இசட்டிடிபி என்று சுருக்கமாகச் சொல்லும் சேர்மானம், துத்தநாகமும் பாஸ்பரஸும் உள்ளது. அழுத்தமும் சூடும் சேரும் இடத்தில் இது உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய தியாகப் படலத்தை உண்டாக்கும். லோபும் லிஃப்டரும் உரசும்போது உலோகத்துக்குப் பதில் அந்தப் படலம் தேயும்.

பாஸ்பரஸ் எக்ஸாஸ்ட்டில் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் கார் ஆயிலில் அதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். மெல்லிய கிரேடுகளில் 2001-இல் வந்த ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) எஸ்எல் தரத்தில் உச்சவரம்பு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), 2004-இல் வந்த எஸ்எம் தரத்தில் 800. ரோலரும் ஓவர்ஹெட் கேமும் உள்ள இன்றைய எஞ்சின்களுக்கு அது தாராளம். பழைய பாணி ஃப்ளாட் டேப்பட்டுக்கு, அதுவும் ஸ்பிரிங்கை வலுவாக்கியபின், போதாது. 1200 பிபிஎம்முக்கு மேல் இருப்பதைத் தேடுங்கள்.

ரன்னிங்-இன்னுக்கு அதற்கென்றே விற்கும் ஆயிலை வாங்கிவிடுவது உத்தமம். ஜிங்க் அதிகம், அழுக்கு நீக்கும் டிடர்ஜென்ட் குறைவு. டிடர்ஜென்ட்டும் ஜிங்க்கும் ஒரே உலோகப் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டி போடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. அந்த ஆயிலில் இன்னொரு பாட்டில் ஜிங்க் சேர்மானத்தையும் ஊற்ற வேண்டாம். மருந்து ஒரு வேளைக்கு ஒன்று என்றால் ஒன்றுதான். அளவு மீறிய ஜிங்க் உலோகத்தையே அரிக்கும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

ஒரே குறிக்கோள்: சாவியைத் திருப்பிய சில நொடிகளில் எஞ்சின் பிடித்துக்கொள்ள வேண்டும். நீண்ட நேரம் செல்ஃப் அடிப்பதுதான் புது கேமுக்குச் செய்யும் பெரிய துரோகம். நான் கட்டிய முதல் எஞ்சினில் கார்பரேட்டர் மிதவை அறையை நிரப்பாமல் விட்டேன், டைமிங்கையும் (தீப்பொறி விழும் நேரத்தையும்) ஒரு பல் தள்ளி வைத்திருந்தேன். பேட்டரி மூச்சை விடும்வரை செல்ஃப் அடித்து, இருமி, நின்று, மறுபடி அடித்து ஒருவழியாக ஓடியது. ஒரு மாதத்தில் ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் டிக் டிக் என்று சத்தம். கழற்றினால் லோபின் மூக்கு கூழாங்கல் போல வட்டமாகியிருந்தது, லிஃப்டரின் அடியில் கட்டைவிரல் நகம் பதியும் பள்ளம். ஆயிலும் நல்ல ஆயில், கேமும் நல்ல கேம்.

ஆயில் அழுத்தம் முதலில். டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகப் பம்ப் ஓடும் எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, டிரில் மெஷினில் தண்டு மாட்டிப் பம்பைச் சுற்றுங்கள். செவ்ரலே ஸ்மால் பிளாக்கில் கடிகாரச் சுற்று, ஃபோர்டு ஸ்மால் பிளாக்கில் எதிர்ச்சுற்று. செவ்ரலேயில் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலே ஆயில் வழியை அடைத்துப் பூர்த்தி செய்கிறது. வெறும் தண்டை மட்டும் விட்டால் ஆயில் அங்கேயே வழிந்துவிடும், ராக்கர் வரை ஏறாது. அந்த வழியை அடைக்கும் புஷ் வைத்த பிரைமிங் தண்டுதான் வேண்டும். ஒருவர் டிரில்லைப் பிடித்திருக்க, இன்னொருவர் கிராங்க்கைக் கால் சுற்றாகத் திருப்பட்டும். பதினாறு ராக்கரிலும் ஆயில் துளிர்ப்பதைக் கண்ணால் பார்த்தபின்தான் நிறுத்த வேண்டும். எல்எஸ் போலப் பம்ப் கிராங்க் முனையில் இருந்தால் டிரில் வேலைக்கு ஆகாது, அழுத்தத் தொட்டியிலிருந்து ஆயிலைச் செலுத்த வேண்டும்.

அப்புறம், முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷன் முடிவுக்குக் கொண்டுவந்து டைமிங் வைத்து, டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் திருப்ப முடிகிற அளவு மட்டும் இறுக்குங்கள். கார்பரேட்டர் அறையை நிரப்புங்கள். கூலண்ட் முழுதாக, காற்று வெளியேறியபின். ரேடியேட்டருக்கு முன் ஒரு பெரிய ஃபேன், பக்கத்தில் தீயணைப்பான். ஐடில் திருகை முன்கூட்டியே ஏற்றி வைத்தால், பிடித்தவுடன் ஆர்பிஎம் தானாக 2000-ஐத் தொடும்.

அந்த இருபது நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

பிடித்தவுடன் 2000-க்கு மேல். ஐடிலிங்கில் விட்டு ரசிக்கக் கூடாது. 2000-க்கும் 2500-க்கும் நடுவே மெதுவாக ஏற்றி இறக்கிக்கொண்டே 20 முதல் 30 நிமிடம். ஒரே ஆர்பிஎம்மில் நிறுத்தினால் கிராங்க்கிலிருந்து ஆயில் ஒரே இடத்தில் தெறிக்கும், ஏற்றி இறக்கினால் எல்லா லோபுக்கும் போகும்.

முதல் நிமிடத்தில் ஆயில் கேஜ், அடுத்தது கசிவு, மூன்றாவது டைமிங். எக்ஸாஸ்ட் குழாய் செக்கச்செவேல் என்று சிவந்தால் டைமிங் பின்தங்கியிருக்கிறது என்று பெரும்பாலும் அர்த்தம், கொஞ்சம் முன்னே திருப்புங்கள்.

பழைய ராக்கர் கவர் ஒன்றின் மேல்பகுதியை வெட்டித் திறந்து வைத்திருக்கிறேன். ரன்னிங்-இன்னுக்கு அதைத்தான் மாட்டுவேன். ஓரம் இருப்பதால் ஆயில் எக்ஸாஸ்ட்டில் கொட்டாது, புஷ்ராடுகள் சுற்றுவதும் கண்ணுக்குத் தெரியும். எல்லாம் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டியதில்லை. ஒன்று அசையாமல் நின்றால் அந்த நொடியே எஞ்சினை அணைத்துவிட்டு லிஃப்டரைக் கழற்றிப் பாருங்கள்.

ஐடிலிங் மென்மையானதுதானே, அது எப்படிக் கெடுதல்?

காது ஏமாற்றுகிறது. மூக்குப் பகுதியில் லிஃப்டர் ஏறி நின்று திரும்பும்போது, அதன் வேகம் அதை லோபிலிருந்து மேலே தூக்கப் பார்க்கும். ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும். ஐடிலிங்கில் அந்த உதவி கிடையாது, முழு ஸ்பிரிங் அழுத்தமும் மூக்கில் உட்காரும். வழுக்கும் வேகம் குறைவு என்பதால் ஆயில் படலமும் தடிக்காது, கிராங்க் தெறிக்கும் ஆயிலும் குறைவு. மூன்று கெடுதலும் ஒரே நேரத்தில்.

நடுவில் கசிவு வந்தால்?

அணையுங்கள். கசிவோடு சமாளித்து ஓட்டுவதோ, ஐடிலுக்கு இறக்கி யோசிப்பதோ வேண்டாம். சரிசெய்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்து நேராக 2000-க்குப் போங்கள். விட்ட இடத்திலிருந்து நிமிடக் கணக்கைத் தொடரலாம்.

ரோலர் கேமுக்கும் இதெல்லாம் உண்டா?

இருபது நிமிடச் சடங்கு தேவையில்லை. ஆயில் அழுத்தம் ஏற்றுவது, சட்டென்று பிடிக்க வைப்பது, கசிவு பார்ப்பது எல்லாம் உண்டு. ஸ்பிரிங்குகளுக்காக ஒருமுறை சூடாக்கி ஆறவிடுவது நல்ல பழக்கம்.

கேமுக்காக லோடு இல்லாமல் ஓட்டினால் பிஸ்டன் ரிங் உட்காராதே?

இருபது நிமிடத்தில் ரிங் கெட்டுவிடாது. கேம் வேலை முடிந்ததும் சாலையில் மிதமான லோடில் முடுக்கி, ஆக்சிலரேட்டரை விட்டு கியரிலேயே வேகம் குறையவிட்டு, பலமுறை செய்யுங்கள். அதுவரை சிந்தெட்டிக் ஆயில் வேண்டாம்.

முடிந்தபின்?

ஆயிலைச் சூடாக இருக்கும்போதே இறக்கி, ஃபில்டரையும் மாற்றுங்கள். கழற்றிய ஃபில்டரைத் தூக்கி எறியாமல் வெட்டித் திறந்து, மடிப்பை விரித்துப் பாருங்கள். மாலிப்டினம் பசையால் ஆயில் சாம்பல் நிறமாக இருக்கும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். லேசான மினுமினுப்பும் சகஜம். காந்தத்தில் ஒட்டும் ஊசி ஊசியான துகள்கள் நிறைய இருந்தால் எங்கோ ஒரு லோப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த ஆயில் மாற்றம் 800 கிலோமீட்டர் வாக்கில். அதற்குப் பிறகும் ஃப்ளாட் டேப்பட் எஞ்சினுக்கு ஜிங்க் உள்ள ஆயில்தான், எஞ்சின் இருக்கும்வரை.

லோப் போகிறது என்று எப்படி முன்கூட்டியே தெரியும்?

சாலிட் லிஃப்டர் இதில் நேர்மையானது. சரிசெய்த இடைவெளி ஒரே ஒரு வால்வில் மட்டும் ஒவ்வொரு முறையும் பெருகிக்கொண்டே போனால், அங்கே உலோகம் குறைகிறது. ஹைட்ராலிக்கில் பிளஞ்சர் அந்தத் தேய்மானத்தை ஈடுகட்டி மறைத்துவிடும். தெரியும்போது டிக் டிக் சத்தமாகவோ, ஒரு சிலிண்டர் மட்டும் கார்பரேட்டர் வழியே தும்முவதாகவோ தெரியும். சந்தேகம் வந்தால் ராக்கர் கவரைக் கழற்றி, டயல் கேஜை ஒவ்வொரு புஷ்ராட் முனையிலும் வைத்து கிராங்க்கைக் கையால் சுற்றுங்கள். இன்டேக் எட்டும் தங்களுக்குள், எக்ஸாஸ்ட் எட்டும் தங்களுக்குள் ஒரே லிஃப்ட் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் அந்த லிஃப்டரை மட்டும் மாற்றிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். கேம், லிஃப்டர் முழு செட், ஆயில் பான் கழற்றிச் சுத்தம், பம்ப் சோதனை, பேரிங் பார்வை, எல்லாம் சேர்த்துத்தான். அரைபட்ட இரும்பு அதற்குள் எங்கெல்லாம் போக முடியுமோ அங்கெல்லாம் போயிருக்கும்.